பாப்பாவுக்குக் கால் இஞ்ச் கூடுதல்

அந்த வீட்டில் குழந்தை சாமியைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். நடுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும், எழுத வராவிட்டால் படமாகப் போட வேண்டும். அதை ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். அம்மா "எனக்கு இப்படித் தோணுது" என்பாள். அப்பா "எனக்கு அப்படித் தோணுது" என்பான். "உனக்கு எப்படித் தோணுதுன்னு பெரியவளானதும் நீயே சொல்லு" என்று இரண்டு பேருமாகக் கேள்விக்கு மூடி போடுவார்கள்.

இது கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டது. அவள் கும்பிடுகிற சாமி வேறு, அவன் கும்பிடுகிற சாமி வேறு. இரண்டு பக்கத்துச் சொந்தமும் பிள்ளை பிறந்ததும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கும் என்று தெரிந்துதான் டப்பாவைக் கண்டுபிடித்தார்கள். தனியாக யாரும் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

லிஃப்ட்காரருக்கு அந்த டப்பாவைக் கண்டாலே சிரிப்பு வரும். அவர் குழந்தையின் அம்மாவைப் பெற்ற அப்பா. பெண்டாட்டி போன பிறகு மகள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டவர். லிஃப்ட்காரர் என்றால் உள்ளே உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் இல்லை. லிஃப்ட் நின்றுபோனால் அந்த இருட்டுக் குழிக்குள் இறங்கிப் பழுது பார்க்கிறவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நீ இறங்கு, மெயினை நான் பாத்துக்கறேன்" என்று ஒருத்தன் சொன்னதை நம்பி இறங்கினார். அவன் டீ குடிக்கப் போய்விட்டான். வேறு எவனோ வந்து மெயினைப் போட்டான். அன்றிலிருந்து அவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் எந்தக் குழியிலும் காலை வைத்ததில்லை. யார் என்ன சொன்னாலும் "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்பதும் அன்று தொடங்கியதுதான். டாக்டர் மாத்திரை கொடுத்தாலும் கேட்பார், பஸ் வராது என்று யாராவது சொன்னாலும் கேட்பார். சாமியைப் பற்றியும் அதையேதான் கேட்டார். யாரும் பார்த்ததாகச் சொல்லாததால் அந்த விஷயம் அவருக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

பேத்திக்கு ஆறு வயது முடியப்போகிறது. எந்நேரமும் அதிகாரம் பண்ணுகிறதால் அவர் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். அவர் திருப்புளியைக் கேட்டால் அவள் சரியான நம்பரை எடுத்துக் கொடுப்பாள்.

மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா. இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு பெண் பிறந்தது. மேஸ்திரிக்கு இரண்டே மாதம் மூத்தது. பதினோராம் மாதம் காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டது. பெயரை யாரும் சொல்வதில்லை. பாப்பா என்பார்கள்.

அத்தை பாப்பாவுக்கு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு கவுன் தைப்பாள். செத்துப்போன வயதுக்கு இல்லை, இருந்திருந்தால் அன்றைக்கு என்ன வயதோ அதற்கு. பாப்பா தங்கள் சாமியிடம் இருக்கிறாள், அங்கேயே வளர்கிறாள் என்பது அவள் கணக்கு. அளவுக்கு மேஸ்திரிதான். பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, ஸ்டூல் மேல் பிள்ளையை ஏற்றி அளப்பாள். ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை சொல்வாள்.

"தோள், உனக்குப் பத்து. பாப்பாவுக்குப் பத்தே கால்."

"ஏன் அத்தை அவளுக்கு மட்டும் கால்?"

"அவ உனக்கு ரெண்டு மாசம் அக்கா இல்ல?"

மார்புக்கும் அப்படி, கவுன் உயரத்துக்கும் அப்படி. கவுன் பாப்பாவின் அளவில் தைக்கப்பட்டு மேஸ்திரிக்கு வரும். எப்போதும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். "அக்காவோட கவுன்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இந்தக் கவுன் விவகாரத்தை டப்பாச் சட்டம் தொடவில்லை. தொடுகிற தைரியம் யாருக்கும் இல்லை என்பதுதான் நிஜம். மகளும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாள். லிஃப்ட்காரருக்கு மட்டும் வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை உடம்பெல்லாம் எரியும். செத்த பிள்ளைக்குத் தோள் அளவாம், அதற்கு ஒரு கால் இஞ்ச் கூடுதலாம். வளருகிற பிள்ளை காதில் இதை ஓதுகிறார்களே, கேட்க நாதியில்லையா என்று பொருமிக்கொண்டு, அன்றைக்கு வேண்டுமென்றே வெளியே போய்விடுவார்.

அந்த வருடம் வம்பு சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. புதன்கிழமையே வந்து சேர்ந்தது.

சாயங்காலம் அவர் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி பக்கத்தில் குந்தி, திருகாணிகளை ஒரு மூடியில் வைத்துக் காவல் காத்தாள்.

"தாத்தா, சனிக்கிழமை அத்தை வர்றாங்க."

"வரட்டும்."

"நான் கிளாஸ்ல ரெண்டாவது உயரம். பாப்பா என்னைவிட உயரமா இருப்பாளா?"

டப்பாவில் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃப்ரிட்ஜ் பத்தடியில் நின்றது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார்.

"செத்தவங்க வளர மாட்டாங்க மேஸ்திரி."

"ஏன்?"

"ஏன்னா செத்துட்டாங்க. சாப்பாடு கிடையாது, மூச்சு கிடையாது, எப்படி வளரும்?"

"அப்ப பாப்பா எங்க இருக்கா?"

"எங்கயும் இல்ல."

"அத்தை இருக்கான்னாங்க."

"உங்க அத்தை கண்ணால பாத்தாங்களா?"

குழந்தை யோசித்தது. "பாக்கல" என்றது. ஒரு திருகாணியை எடுத்து அவர் கையில் கொடுத்தது. "சரி தாத்தா" என்று எழுந்து பிஸ்கட் தின்னப் போய்விட்டது. அழுகையும் இல்லை, அலறலும் இல்லை. பார்த்தாயா, உள்ளதைச் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் பயம் என்று லிஃப்ட்காரருக்கு அன்று ராத்திரி சாப்பாடு ஒரு பிடி அதிகமாகவே இறங்கியது.

சனிக்கிழமை அவர் வெளியே போகவில்லை. பிள்ளை இனி ஏமாறாது என்கிற தெம்பு. பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மகள் சமையற்கட்டில் இருந்தாள். அத்தை வந்தாள்.

"ஏறுடி மகாராணி."

மேஸ்திரி ஸ்டூலில் ஏறி முதுகைக் காட்டி நின்றாள்.

"தோள், உனக்குப் பத்தரை. அடேயப்பா! பாப்பாவுக்குப் பத்தே முக்கால்."

"பாப்பாவுக்கு வேணாம் அத்தை."

"ஏன்டி?"

"அவ வளரல. செத்தவங்க வளர மாட்டாங்க. அவ எங்கயும் இல்ல அத்தை." பாடம் ஒப்பிக்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள். "தாத்தா சொன்னாங்க. நீங்க கண்ணால பாக்கலைல்ல?"

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றுவிட்டது. சமையற்கட்டில் தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது.

அத்தை கோபப்பட்டிருந்தால் லிஃப்ட்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குப் பதில் பேச அவருக்குத் தெரியும். டேப்பின் ஒரு முனை பிள்ளையின் தோளில் இருந்தது. அவள் அதை எடுத்தாள். இரண்டு விரலில் சுற்றத் தொடங்கினாள். நுனிவரை சுற்றினாள், கோணலாகப் போயிற்று, பிரித்து மறுபடி சுற்றினாள். பிறகு குழந்தையை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டாள்.

"மத்த அளவெல்லாம் எடுக்கலையா அத்தை?"

"போதும்டா கண்ணு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கவனிக்க ஆளில்லாமல் சட்டை தீய்ந்த வாசனை வந்தது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?" மகள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இல்லாததைச் சொன்னேனா?"

"இருக்கா இல்லையான்னு யாருப்பா உங்களைக் கேட்டா? ஏழு வருஷமா ஒரு வார்த்தை தடிக்காம இந்தக் குடும்பத்தை ஓட்டிட்டு வர்றேன். உங்க ஒரு நாக்குக்கு அது அஞ்சு நிமிஷம் தாங்கல."

மாப்பிள்ளை தீய்ந்த சட்டையை மடித்துக்கொண்டே பேசினான். அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "மாமா, உங்களுக்கு நம்பிக்கை இல்ல. எனக்கு இருக்கு. என்னைக்காவது உங்ககிட்ட வந்து நம்புங்கன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல மாப்பிள்ளை."

"அக்காகிட்ட மட்டும் ஏன் மாமா?"

"நான் உங்க அக்காகிட்டயா சொன்னேன்? பிள்ளைகிட்டதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை முடித்தால் தன் கழுத்தில்தான் விழும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. சட்டப்படி டப்பா திறந்தார்கள். ஒரே ஒரு சீட்டு இருந்தது. திங்கட்கிழமை போட்டதாம். இரண்டு கவுன் படம், ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. இரண்டுக்கும் வண்ணம் தீட்டவில்லை. கீழே எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள்: "பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

மகள் அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை மேஜைமேல் வைத்தான். யாருக்கும் எப்படியும் தோன்றவில்லை.

"அது பழைய கேள்வி" என்றாள் மேஸ்திரி. "இப்ப வேணாம்."

லிஃப்ட்காரர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வேண்டியிருந்தது ஒரு கலர். பச்சை என்றோ மஞ்சள் என்றோ வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் போதும். சாவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது அவர்தான்.

அதற்குப் பிறகு டப்பாவில் சீட்டே விழவில்லை. தினமும் சாயங்காலம் அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் போய், யாரும் பார்க்காதபோது டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வராது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் மேஸ்திரியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தாத்தா அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல. தப்பாச் சொல்லிட்டேன். பாப்பா இருக்கா. வளர்ந்துட்டுதான் இருக்கா."

எழுபது தாண்டிய வாழ்க்கையில் அவர் மனமறிந்து சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சொல்லும்போதே முகம் காட்டிக்கொடுத்தது.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்க கண்ணால பாத்தீங்களா?"



"பாக்கலைல்ல" என்று அவளே முடித்துவிட்டு எழுந்து போனாள்.

தையற்கடையை ஒரு வாரம் அத்தை திறக்கவில்லை. திறந்தாள் என்று மாப்பிள்ளை சொன்ன அன்றைக்கே லிஃப்ட்காரர் போனார். கருவிப் பையையும் எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. சின்னக் கடை. மோட்டார் வைத்த மெஷின் ஒன்று, வெட்டுகிற பலகை ஒன்று, கொடியில் பேர் குத்திய ரவிக்கைகள், காலடியில் வெட்டுத் துணிக் குவியல். அத்தை சாக்குக்கட்டியால் ஒரு துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. உக்காருங்க."

"ஷட்டர் இறங்குறப்ப கிறீச்சுங்குதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. எண்ணெய் போடலாம்னு..."

"அது அஞ்சு வருஷமா கிறீச்சுங்குது."

அவர் பையைக் கீழே வைத்தார். "நான் பேசினது தப்பும்மா."

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே."

"இல்ல தாயி, அது வந்து..."

"மாமா." அவள் சாக்குக்கட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவளைக் கையில தூக்கிட்டுப் போனது நான்தான். மூணு நாள் சூடா இருந்த உடம்பு எப்படி ஆச்சுன்னு தொட்டுப் பாத்தது நான்தான். எனக்குத் தெரியாததையா நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க?"

லிஃப்ட்காரர் தன் மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சாமிகிட்ட இருக்கான்னு சில நாள் நம்புவேன். சில நாள் நம்ப முடியாது. நம்ப முடியாத நாள்தான் அதிகம். என் தம்பிகிட்டகூட இதைச் சொன்னதில்ல. ஆனா வருஷத்துல ஒரு நாள் டேப்பைப் பிடிச்சுகிட்டு, பாப்பாவுக்கு இவ்வளவுன்னு சத்தமாச் சொல்லுவேன். அதைக் கேட்டுட்டு ஏன் கால் இஞ்ச்சுன்னு கேக்க ஒரு பிள்ளை இருந்துச்சு. அந்தப் பிள்ளை நம்புச்சு. அது நம்புறதைப் பாத்து எனக்கும் அன்னைக்கு ஒரு நாள் நம்பிக்கை வரும். அவ்வளவுதான் மாமா விஷயம்."

"இப்பவும் சொல்லேம்மா. பிள்ளைதானே, மறந்துடும்."

"மறக்காது. அது உங்க பேத்தி." சிரித்தாள் போலத்தான் இருந்தது. "இனிமே சொன்னா, அத்தை பொய் சொல்றாங்கன்னு பாவமாப் பாக்கும். அதை என்னால தாங்க முடியாது."

அவர் ஷட்டருக்கு எண்ணெய் போட்டார். நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. அது ஒன்றுதான் அவரால் முடிந்தது. திரும்பி நடக்கும்போது கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது. இத்தனை வருடம் தன் உயிருக்காகப் பிடுங்கிய ஃபியூஸையெல்லாம் வேலை முடிந்ததும் அதது இருந்த இடத்தில் ஒழுங்காகத் திருப்பி மாட்டியிருக்கிறார். பிள்ளையிடமிருந்து பிடுங்கிய இதை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

பாப்பாவின் பிறந்த நாள் வந்தது. கவுன் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள், பள்ளிக்கூடம் விடுமுறை. மேஸ்திரி அலமாரியைத் திறந்து போன வருடத்துக் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பட்டன் போட்டு விடுங்க தாத்தா."

போன வருடம் தொளதொளவென்று இருந்தது. இப்போது முதுகில் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கிட்டே வர மறுத்தன. இருக்கிற விரல்களால் இழுத்துப் பார்த்தார்.

"மூச்சை இழு."

இழுத்தாள். ஒரு பட்டன்கூட எட்டவில்லை.

"நான் வளர்ந்துட்டேன்" என்றாள். பிறகு, "பாப்பா..." என்று வாயெடுத்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன மேஸ்திரி? கேளு."

"ஒண்ணும் இல்ல."

"டப்பாலயாவது போடு."

"எதுக்கு? நீங்கதான் சொல்லிட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

லிஃப்ட்காரர் தன் பழைய வேலைச் சட்டையை எடுத்துத் திறந்து கிடந்த முதுகின் மேல் போர்த்தி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தையற்கடைக்கு நடந்தார். போய் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார்.

அத்தை மெஷினில் இருந்தாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது அலங்கோலம்? அக்குள்ல தையல் விட்டுப்போச்சு பாரு. இதை மாட்டிகிட்டா தெருவுல வந்த?"

தையற்காரியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டேப் கழுத்திலிருந்து இறங்கியது. மேஸ்திரி தானாகவே ஸ்டூலில் ஏறி முதுகைக் காட்டினாள். லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்றார்.

"தோள், பத்தரை."

குழந்தை தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றது. அவரும் பாப்பாவின் அளவுக்காகக் காத்து நின்றார். அத்தை டேப்பைக் கீழே இறக்கினாள்.

"மார்பு, இருபத்தஞ்சு."

பலகையில் சாக்குக்கட்டியால் எழுதினாள்.

"கவுன் உயரம், இருபத்தேழு."

"கால் இஞ்ச் கூடப் போடும்மா" என்றார் லிஃப்ட்காரர். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அத்தை திரும்பவில்லை. "இவளுக்கு இதுதான் மாமா சரியான அளவு" என்றாள்.

டேப்பைச் சுற்றினாள். இந்தத் தடவை கோணவில்லை. நாளை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டாள்.

தெருவில் மேஸ்திரி அவருடைய மூன்று விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அத்தை இன்னைக்குச் சீக்கிரமா அளந்துட்டாங்கல்ல தாத்தா?" என்றாள்.

"ஆமா" என்றார்.